காவலில்லாத நீள முகவரிகள்

ஆம்ஸ்டர்டாமின் இணைய நிறுவனமொன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தகவல் போகும் தடங்களைக் கவனிப்பவள் மாரிட். "இந்த இணைய முகவரிகள் என்னுடையவை" என்று எந்த வலையமைப்பு அறிவித்தாலும் அண்டை வலையமைப்புகள் நம்பி, அவற்றுக்கான தகவலை அதன் வழியே அனுப்பிவிடுவதே அத்தொழிலின் வழக்கம். சான்று கேட்காத நம்பிக்கை மூடநம்பிக்கைதான் என்று அவள் கூட்டந்தோறும் கத்துவாள்.

அன்று, தப்பி வந்த அகதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞரும் நிறுவனத்தின் வாடிக்கையாளருமான ஹெஸ்டர், தன் அலுவலகத்தில் இணையம் மந்தமென்று புகார் சொன்னாள். மாரிட் தேடினாள். அந்த அலுவலகத்துக்கு வரும் அஞ்சலெல்லாம், அகதிகள் எந்த நாட்டிலிருந்து தப்பினார்களோ அந்த நாட்டின் வழியாகவே சுற்றி வந்துகொண்டிருந்தது.

"ரூர்ட், பொய் அறிவிப்பைத் தடுக்கச் சல்லடை போட்டுட்டேன்னியே?" என்று பக்கத்து மேசைச் சக ஊழியனிடம் கேட்டாள்.

"போட்டேனே! உனக்கு எல்லாருமே திருடன்தான்."

"பழைய குட்டை முகவரி வகைக்கு மட்டும் போட்டிருக்க. புதுசா வந்த நீள முகவரி வகைக்கு?"

ரூர்ட் பாலாடைக்கட்டி ரொட்டியைக் கீழே வைத்தான். "அதை யாரு பெருசா..."

"ஹெஸ்டர் ஆபீஸே அதுலதான் ஓடுது, மடையா!"

பொய்த் தடத்தை அடைக்க இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. அது திறந்து ஒன்பது நாளாகியிருந்தது. மாரிட் ஹெஸ்டரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"கடிதம் பூட்டித்தானே வருது?" என்றாள் ஹெஸ்டர்.

"உள்ள இருக்கறது தெரியாது. எந்த இடத்துலேர்ந்து வந்துச்சுன்னு அந்த நாட்டுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அதெல்லாம் நாங்க அவங்களை ஒளிச்சு வெச்சிருக்கற வீடுங்க." ஹெஸ்டரின் குரல் தாழ்ந்தது. "நேத்துலேர்ந்து அங்க இருக்கற ரெண்டு பேர் போனை எடுக்கல."