ஒயர்கூடையில் போன குட்டிகள்

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒரு போட்டோ வந்தது. கார் நிறுத்துமிடத்தில், பழைய டயருக்குள் பூனைக்குட்டிகள். கீழே ஒருவர், 'நல்ல மனசு இருக்கிறவங்க யாராவது எடுத்துட்டுப் போய் எங்கயாவது விட்டுடுங்க' என்று எழுதியிருந்தார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நல்ல மனசு என்றதும் எனக்கு எங்கள் பழைய வீட்டுக்காரம்மாதான் நினைவுக்கு வந்தார்.

அப்போது கல்யாணமான புதிது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொத்த மருந்துக் கடையில் எனக்கு பில் போடும் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் நானும் கலாவும் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார்; மகனுக்கு வெளியூரில் வேலை. கலாவுக்குத் தலைவலி என்றால் மிளகு ரசம் மேலே வந்துவிடும். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒரு நாள், தெருமுனை வரை ஓடிவந்து சொன்ன புண்ணியவதியும் அவர்தான்.

கொல்லையில் விறகு அறை ஒன்று இருந்தது. தேங்காய் மட்டையும் தூசும் கலந்த வாசனை. இன்றும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குத் தும்மலும் ராணியும் சேர்ந்தே வருவார்கள். ராணி வீட்டுக்காரம்மா வளர்த்த பூனை. அந்த அறையில்தான் அது நான்கு குட்டி போட்டது.

வீட்டுக்காரம்மா தன் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டார். மழை ஈரத்தில் குட்டிகளுக்குக் குளிருமென்று பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி வைத்தார். தாடையில் கறுப்புத் திட்டு வைத்த வெள்ளைக் குட்டிக்கு மட்டும் முட்டி மோதிப் பால் குடிக்கத் தெரியவில்லை. அதை எடுத்து ராணியின் மடியில் அவரே அதன் வாயை வைத்துவிடுவார். "குடிடா தங்கம், குடி." கலா பக்கத்திலேயே குந்தியிருப்பாள். பூனையென்றால் ஒதுங்கிப் போகிற நானும் கடைசியில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார ஆரம்பித்தேன்.

குட்டிகள் ஓடத் தொடங்கின. துவைத்த புடவை மேல் ஏறின, சமையலறை மூலையில் அசிங்கம் செய்தன. அந்தச் சமயம் பார்த்து, திருவெள்ளறையில் கலாவின் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டோம்.

திரும்பி வந்தபோது ராணி கத்திக்கொண்டிருந்தது. மடி வீங்கிச் சிவந்திருந்தது. விறகு அறைக்குள் ஓடும், வெளியே வரும், மாடிப்படியில் ஏறி எங்கள் கட்டிலுக்கடியில் தேடும்.

"குட்டிங்க எங்கம்மா?" என்றாள் கலா.

வீட்டுக்காரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கொள்ளிடக் கரையில விட்டுட்டேம்மா. ஒவ்வொரு ஈத்துக்கும் அப்படித்தான். எலி புடிக்க ராணி ஒண்ணு போதும்ல? ஒயர்கூடையில கொண்டுபோய் விட்டுட்டு, அங்கயே பச்சுன்னு கீரை வாங்கிட்டு வந்துடுவேன்."

அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. ராணி வந்து அவர் மடியில் ஏறிக் கத்தியது. "என்னடி, பால் கட்டிக்கிச்சா?" என்று தடவிக்கொடுத்தார். விரலில் கீரைக் காம்பு ஒட்டியிருந்தது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். நாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நாணல் புதருக்குள் தாடைத் திட்டுக்காரன் மட்டும் கிடைத்தான். சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன், ஏதோ ஊரையே ஜெயித்துவிட்டவன்போல.

ராணியின் முன்னால் விட்டோம். குட்டி தள்ளாடிக்கொண்டு மடியைத் தேடிப் போனது. ராணி முகர்ந்து பார்த்தது. பின்னால் நகர்ந்து சீறியது. குட்டி மறுபடியும் போனது. ராணி அதன் முகத்தில் ஓங்கி அறைந்தது. கலா ராணியைப் படுக்கவைத்துப் பிடித்துப் பார்த்தாள். அவள் கைதான் கிழிந்தது. அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டு ராணி பழையபடியே குட்டிகளைக் கூப்பிட்டுக் கத்தியது. கூப்பிட்ட குட்டி பின்னாலேயே நின்றது.

"பாத்தீங்களா தம்பி, பெத்ததே வேணாங்குது. நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?" என்றார் வீட்டுக்காரம்மா. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

கடையிலிருந்து சிரிஞ்ச் கொண்டுவந்தேன். கலா ஊசியைக் கழற்றிவிட்டுப் பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. ராணியின் குரல் கேட்கும்போதெல்லாம் குட்டி தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒரு மத்தியானம் தூக்கவில்லை.

ராணிக்கு மறுபடி வயிறு பெருத்தது. "இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுங்க" என்றாள் கலா. வீடு மாற்றினோம். கிளம்பும்போது வீட்டுக்காரம்மா அவளுக்குப் பூ வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதார். கலாவும் அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வீடு இல்லை, மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. வீட்டுக்காரம்மா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. விறகு அறை இருந்த இடத்தில் வேன்கள். வரவேற்பில் மகன்தான் உட்கார்ந்திருந்தார். பழைய குடித்தனக்காரன் என்று சொன்னதும் காபி வரவழைத்தார். ராணி கடைசியில் என்ன ஆனதென்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

"அம்மாவுக்குப் பூனைன்னா உசுரு சார்" என்றார். "எத்தனை குட்டிங்கள வளத்துவிட்டிருக்காங்க தெரியுமா!"