பொட்டு வைத்த தகடு

இந்த ஆடியில் ஏற்காடு போகத்தான் சேலத்தில் இறங்கினேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தோழி மலர், "கோழிப்பண்ணைக்கு வர்றியா?" என்றாள். சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

ரயில் நிலையம் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் புதிய பேருந்து நிலையம்; அங்கே நாமக்கல் பஸ். புதுச்சத்திரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எல்லா பஸ்ஸும் நிற்காது, கேட்டு ஏறுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், என் தொப்பி எம்மாத்திரம்? கண்டக்டர்தான் பிடித்துக் கொடுத்தார்.

வழியில் மலர் விஷயத்தைச் சொன்னாள். பண்ணைக்காரர் செல்வராசுவின் போன பேட்ச் குஞ்சுகளில் பாதி வயிற்றுப்போக்கில் செத்துவிட்டன. தண்ணீர்த் தொட்டியின் வழவழப்பில் குடியிருக்கும் கிருமி, எந்த மருந்துக்கும் மசியவில்லையாம். துத்தநாக ஆக்சைடு நானோ துகளில் துளி வெள்ளி சேர்த்து, ஒரு தகட்டில் பூசி, போன மாதமே காலிக் கொட்டகைத் தொட்டியில் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்திலேயே பூசாத தகடு ஒன்று. "சரியா வரலைன்னா இனி தொட்டியைத் தொட விடமாட்டார்" என்றாள்.

பண்ணை வாசலில் கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைத்த பிறகே உள்ளே விட்டார்கள். ஒரு பண்ணையிலிருந்து நேரே இன்னொன்றுக்குப் போய்விடாதீர்கள், நோயைக் கொண்டுபோவீர்கள்.

பூசாத தகடு வழவழப்பு ஏறி, கையில் நிற்காமல் வழுக்கியது. பூசிய தகட்டின் நடுவில், ரூபாய் அளவுக்குச் சிவப்புப் பொட்டு!

"ஏனுங்ணா, என்ன இது?" மலர் தகட்டைச் செல்வராசுவிடம் நீட்டினாள்.

"புதுசா ஒண்ணு இறக்கறம், பொட்டு வெக்காம எப்படீங்க அம்மிணி? குங்குமம் தண்ணியில கரைஞ்சுருமுங்க. அதான் லாரி பெயிண்ட்டுல வெச்சேன்."

கெட்டது குடி என்று நினைத்தேன். மலர் தகட்டை வெயிலில் திருப்பினாள். சுற்றிலும் பளிச்சென்று இருந்தது. பொட்டின் மேல் மட்டும் வழவழப்பு. அதே தகடு, அதே தண்ணீர். பெயிண்ட் மறைத்த இடத்தில் மட்டுமே கிருமி குடியேறியிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத துகள் இத்தனை நாள் காவல் காத்திருக்கிறதே!

செல்வராசு பொட்டைத் தடவினார், பக்கத்தையும் தடவினார். "திங்கக்கிழமை புதுக் குஞ்சு வருதுங்க. தொட்டி பூராப் பூசிருங்க அம்மிணி."

"இப்ப வேண்டாங்ணா. வெள்ளி தண்ணியில எவ்வளவு இறங்குது, குஞ்சுக்கு ஆகுமான்னு பாக்கோணும். அதுவரைக்கும் தொட்டியைத் தேச்சுக் கழுவுங்க."

அவர் முகம் வாடியது. கைக்கு வந்த வெற்றியைத் தள்ளிவைக்க எவ்வளவு மனசு வேண்டும்! துகளைப் பார்த்த வியப்பு பாதி, என் தோழியைப் பார்த்த வியப்பு மீதி. ஏற்காடு எங்கேயும் ஓடிப்போகாது.

கிளம்பும்போது, தனி டிரம்மில் போட்டுப் பார்க்கச் சொல்லிப் புதுத் தகடு ஒன்றை அவரிடம் கொடுத்தாள். அவர் தயங்கினார்.

"இதுக்குப் பொட்டு வேண்டாமுங்களா?"

"கண்டிப்பா வேணுங்ணா. உங்க கையாலயே வெச்சுருங்க."