நாங்கள் இரண்டு பேராகச் சேர்ந்த வகுப்பு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான். சேலத்துப் பக்கமிருந்து ஒரு தகரப் பெட்டியோடு டில்லிக்கு வந்தேன். இன்றைக்கு என் பட்டறையில் எட்டு லேத் ஓடுகிறது. இரும்பில் டூல் படுகிற சத்தத்தை வைத்தே, பக்கத்து அறையில் உட்கார்ந்தபடி, எந்த மெஷினில் எவன் அவசரப்படுகிறான் என்று சொல்லிவிடுவேன். பெரிய படிப்புப் படித்த இஞ்சினியர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் சில வேலைகளில் கை வைப்பார்கள்.

எங்கள் பகுதித் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வருஷா வருஷம் என்னை மேடையேற்றி மாலை போடுகிறார்கள். யார் தயவும் இல்லாமல் தன் கையாலேயே மேலே வந்தவர் என்று இந்தியில் அறிமுகம் செய்கிறார்கள். நானும் எழுந்து, இந்தப் பள்ளி இல்லையென்றால் இந்தப் பேட்டையில் பாதிப் பட்டறைகளுக்கு ஆள் கிடைத்திருக்காது, என்னைப் போன்றவனுக்கு வாழ்க்கையே கிடைத்திருக்காது என்று பேசுகிறேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்தப் பள்ளியில் நாங்கள் இரண்டு பேராகச் சேர்ந்தோம் என்பதை மட்டும் ஒரு வருஷமும் சொன்னதில்லை.

அவன் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன். என்னைவிட நாலு வயது சின்னவன். ரயில்வே லைனை ஒட்டிய ஜுக்கிக் குடிசையில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தான். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். லேத்தில் கை வைக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, எதை முடித்தாலும் என் மெஷினுக்கு எடுத்துவந்து, "சரியா வந்துக்குதாண்ணே?" என்று காட்டுவான். நான் தலையாட்டினால்தான் பெட்டியில் போடுவான்.

எழுபதுகளின் பின்பாதி. அதுவரை எங்கள் தொழிற்சாலையில் சாம்பிள் பார்த்துத்தான் வேலை. ஒரு பழைய உருப்படியைக் கையில் கொடுத்து, இதே மாதிரி ஐநூறு என்பார்கள். கேலிப்பரை வைத்து அளந்து அப்படியே கடைந்துவிடுவோம். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் வந்தது. சாம்பிள் இல்லை, நீலக் காகிதத்தில் டிராயிங் மட்டும் வந்தது. அடுத்த வருஷத்துக்குள் அரசாங்க சர்ட்டிபிகேட் வைத்திருக்கிற டர்னர்களைத்தான் 'பக்கா' ஆக்குவோம், மற்றவர்கள் 'கச்சா'தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பக்கா என்றால் நிரந்தரம், கச்சா என்றால் தினக்கூலி. எந்தக் காலையிலும் கேட்டில் நிறுத்தி, போய்விட்டு வா என்று சொல்லிவிடலாம். அவனுக்கு அந்த வேலை போனால் அடுத்தது செங்கல்லும் சிமெண்டும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

பள்ளியில் வேலைக்காரர்களுக்காக சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். காசு வாங்கவில்லை. காகிதம், பென்சில் எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று விதி. அவன் எட்டாவது முடித்தவன். எனக்கு ஃபோர்மேன் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். அனுபவத்தைப் பார்த்து மாஸ்டர்ஜி என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மாஸ்டர்ஜி ராணுவப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபி. குரல் கூரையைத் தூக்கும், மனசு வெண்ணெய். டிராயிங் என்றாலே எங்களுக்குக் கண் இருட்டுகிறது என்று பார்த்து, ஒரு நாள் சலவை சோப்புக் கட்டிகளை வாங்கிவந்தார். பேனாக்கத்தியால் ஒன்றைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, நடுவில் துளை போட்டு, மேஜைமேல் வைத்தார். மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், முன்னாலிருந்து எப்படி, பக்கத்திலிருந்து எப்படி, அந்த மூன்றையும் போடு, அவ்வளவுதான் டிராயிங் என்றார். உள்ளே மறைந்திருக்கிற துளையைப் புள்ளிக் கோட்டில் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காதவனுக்கும் புரியட்டும் என்று சோப்பு வெட்டிய மனுஷர் அவர்.

எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது வாரம் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இருந்தது ஒரு சாதாரண புஷ், நடுவில் துளை போட்ட இரும்பு உருளை. அதை நான் ஆயிரம் தடவை கடைந்திருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைவேன். பக்கவாட்டுப் பார்வையைப் போடு என்றார். சாக்பீஸ் கையில் உடைந்தது. என்னமோ கிறுக்கினேன். பின்னாலிருந்து ஒரு வெல்டர், "அரே, மதராஸி உஸ்தாத் சமோசா போட்டுட்டாரு!" என்று இந்தியில் கத்தினான். வகுப்பே சிரித்தது. மாஸ்டர்ஜி அவனை அதட்டிவிட்டு, என் கூட்டாளியை அழைத்தார். அவன் வந்து, என் கிறுக்கலை அழிக்காமல், அதன் பக்கத்தில் நாலே கோட்டில் போட்டான். துளைக்குப் புள்ளிக் கோடும் போட்டான்.

"ஷாபாஷ்! இவனுக்குக் கண் இருக்கு" என்றார் மாஸ்டர்ஜி.

அவன் அவரைப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் பார்க்கிற மாதிரியே, சரியா வந்துக்குதாண்ணே என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "அந்த சமோசாக்காரன் மூஞ்சியப் பாத்தீங்களாண்ணே? அவனே போன வாரம் வட்டத்த முட்டையாட்டம் போட்டு வெச்சான்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம நம்ம ஊட்டுக்கு வாங்கண்ணே. எம் பொண்டாட்டி முட்டக்கொழம்பு வெப்பா. சோப்பு நான் வாங்கி வெக்கிறேன். ரெண்டே வாரம், என்னயத் தூக்கிச் சாப்ட்ருவீங்க நீங்க."

அவன் கேலியாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்போடு சொன்னான். நான் கைபிடித்துக் கூட்டிவந்தவன் எனக்குச் சோப்பு வெட்டிக் காட்டப் போகிறான் என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நாலு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன்: "டேய், ஃபோர்மேன்கிட்ட விசாரிச்சேன். காயிதமெல்லாம் சும்மா பேச்சுக்கு. கைவேலையப் பாத்துத்தான் பக்கா பண்ணப் போறாங்களாம். அந்த வகுப்புல போயி எதுக்குப் பொழுத வீணாக்கறது? ஓவர்டைம் பாத்தா அவரு கண்ணுலயாவது படலாம்."

"மெய்யாலுமாண்ணே?"

"நான் என்னைக்காச்சும் உனக்குத் தப்பாச் சொல்லியிருக்கேனா?"

"நீங்களும் நிறுத்திட்றீங்களா?"

"நேத்தோட நின்னாச்சு."

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "அப்ப செரி. எனக்கும் அந்த இந்தி பாதி புரியல" என்று சிரித்தான். எனக்காகத்தான் அப்படிச் சொன்னான். இந்தி அவனுக்கு என்னைவிட நன்றாகவே வரும்.

இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் மாஸ்டர்ஜியிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு வகுப்பு உண்டு, அதில் மாற்றிக்கொடுங்கள் என்றேன். கொடுத்தார். "உன் ஜோடி எங்கே?" என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டான் என்றேன். பேரை நோட்டிலிருந்து அடிக்கவில்லை. பரீட்சை வரைக்கும் வைத்திருக்கிறேன், வந்தவுடன் அனுப்பு, விட்டதை நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். அப்புறமும் இரண்டு தடவை கேட்டார். கடைசித் தடவை, அவன் பாதியில் விட்டுப்போன டிராயிங் தாளைச் சுருட்டி, ஊர் விலாசம் தெரிந்தால் தபாலில் அனுப்பிவிடு என்று என்னிடம் கொடுத்தார். விலாசத்துக்கு எங்கே போவது? அவன் என் பக்கத்து மெஷினில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான்.

அவன் இல்லாத வகுப்பில் எனக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் என் யோக்கியதை. மாஸ்டர்ஜி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த நாட்கள் உண்டு. பாஸ் பண்ணினேன். என் பெயர் அச்சடித்த முதல் காகிதம் அது. அதை மேனேஜரிடம் மட்டும் காட்டினேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பக்கா ஆக்கிய அன்று, அவன்தான் ஜிலேபி வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். "நான் சொன்னனா இல்லியா, எங்கண்ணன் கைக்கு இந்த டில்லியிலயே ஆள் கெடயாது!" என்று ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சொன்னான். என்னிடம் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினான். "என்னோட கை அவ்ளோதான்போலருக்குண்ணே. ஃபோர்மேன் பாத்துக்கினுதான இருந்தாரு."

வாயில் ஜிலேபி இருந்தது. அவன் கை என் கைக்குக் குறைந்ததில்லை. அதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பரீட்சை அடுத்த வருஷமும் உண்டு, மாஸ்டர்ஜி உன் பேரை மறுபடி எழுதிக்கொள்வார், போடா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வாய்த்தது. நான் ஜிலேபியை மென்றேன்.

நாலு மாதத்தில் கச்சா ஆட்களை நிறுத்தினார்கள். வேறு பட்டறைகளில் கேட்டுப் பார் என்றேன். "என்னத்தக் காட்டிக் கேக்கறதுண்ணே? கையும் செரியில்ல, காயிதமும் இல்ல" என்றான். வேலை போனதைவிட, தன் கை சரியில்லை என்று நம்பிவிட்டான், அதுதான் அவனை முடித்தது. விளையாட்டுப் போட்டிக்காக ஊரெங்கும் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலையில் சிமெண்டுச் சட்டியோடு சாரப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் மனைவி. இறங்கிப் பேசுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்னலில் பஸ் ரொம்ப நேரம் நின்றது.

எண்பதுகளின் நடுவில் நான் தொழிற்சாலையை விட்டு, கரோல் பாக்கில் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, இரண்டு லேத் போட்டேன். அரசாங்க ஆர்டர் வாங்க வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவன் பட்டறை என்று காட்ட வேண்டும். சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அது இருந்ததால்தான் பெரிய வேலைகள் வந்தன.

ஒரு நாள் காலையில் அவன் வந்து நின்றான். தாடி நரைத்திருந்தது. ஆனால் சட்டையைத் தோய்த்துப் போட்டிருந்தான்.

"பட்டற போட்டுட்டீங்கன்னு சொன்னாங்கண்ணே. பெருக்கறதோ தொடைக்கறதோ, எதாச்சும் இருந்தா…"

அதற்குள் ஒரு வாடிக்கைக்காரர் வந்துவிட்டார். அவரிடம் அளவு பேசிவிட்டுத் திரும்பினால், அவன் சுவர்ப் பக்கம் நின்றிருந்தான். கண்ணாடிமேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான். எட்டாவது படித்தவன் இல்லையா. பள்ளிக்கூடத்தின் பெயர், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, வருஷம், கீழே மாஸ்டர்ஜியின் கையெழுத்து. விரல் வருஷத்தின் மேலேயே நின்றது.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மாஸ்டர்ஜி நல்லாருக்காராண்ணே?" என்று கேட்டான்.

"இருக்காரு. பள்ளிக்கூடத்துலருந்தும் ரிட்டயர் ஆயிட்டாரு."

"நல்ல மனுசரு. சோப்புலாம் வெட்டிக் காட்டுவாரு."

"டேய், நாளைக்கே வந்துரு. லேத்துல நில்லு. பெருக்கறதெல்லாம் வேணாம். நான்…"

"பாக்கலாம்ண்ணே" என்றான். போகும்போது தன் இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். சிமெண்டு தின்று வெடித்த கை. அப்புறம் தெருவில் இறங்கிவிட்டான். செருப்பை வாசலில் கழற்றியிருந்தான். அதைப் போட்டுக்கொள்ள மட்டும் குனிந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து ரயில்வே லைன் பக்கம் போனேன். ஜுக்கி இருந்த இடத்தில் சுவர் எழுப்பியிருந்தார்கள். எல்லோரையும் லாரியில் ஏற்றி யமுனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள் என்று டீக்கடைக்காரன் சொன்னான். யமுனைக்கு அந்தப் பக்கம் என்றால் ஒரு தெருவா, இரண்டு தெருவா? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடினேன். கிடைக்கவில்லை என்றபோது நெஞ்சு லேசானது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்றைக்கு அந்தப் பள்ளியிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களை என் பட்டறையில் சேர்த்துக்கொள்கிறேன். யார் நடுவில் நின்றாலும் வீடு தேடிப் போகிறேன். நல்ல காரியம் என்கிறார்கள். அவனுக்கு அதனால் என்ன வந்தது?

சுண்ணாம்பு அடிக்க ஒரு தடவை சர்ட்டிபிகேட்டைக் கழற்றினேன். திரும்ப மாட்ட மனசில்லாமல் பீரோவில் வைத்தேன். அடுத்த மாதமே ஆர்டருக்காகப் பார்க்க வந்த அதிகாரி, அது எங்கே என்று கேட்டார். மறுபடி மாட்டிவிட்டேன். எட்டு லேத் அதன் கீழேதான் ஓடுகிறது.

மாஸ்டர்ஜி கொடுத்த தாள் அந்த பீரோவில் இருக்கிறது. மேற்பார்வையும் முன்பார்வையும் போட்டிருக்கிறான். புள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரே அளவு. மூன்றாவது, பக்கவாட்டுப் பார்வைக்கான இடம் காலி. அதைப் போட எனக்கு இப்போது பத்து நிமிஷம் போதும். பென்சிலைச் சீவிக்கொண்டு இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தும் இருக்கிறேன். போட்டுவிட்டால் சரியாக வந்திருக்கிறதா என்று காட்டிக் கேட்க அவன் இல்லை.