சுமைதாங்கியில் பிடித்த கார்

வெயிலில் கிடந்த காரின் கதவைத் திறந்தால் சீட்டின் சூட்டு மணம் வரும். அதற்கடியில் எனக்கு மட்டும், அரைத்த பச்சை மஞ்சளின் மணமும் வரும். வந்தால் வரட்டும். பேய் பிசாசை நான் நம்பியவனல்ல, இன்றைக்கும் நம்பவில்லை என்றே சொல்வேன், ஆனால் அந்த நடுப்பகலில் நடந்தது நடந்ததுதான். சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் வேண்டாம்.

எல்லைப் போராட்ட வருஷங்கள். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசிய என் அண்ணனை மலையாள ராஜ்யத்துப் போலீஸ் தேடியது. குன்னத்துகாலில் ஒரு மரச்சீனி விளைக்குள், மரவள்ளித் தோட்டத்தில், நாலு நாளாய் ஒளிந்திருந்தான். ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் மதராஸ் ராஜ்யம். எங்களுக்கு அது வெளிநாடு. இந்தப் போலீஸின் கை அங்கே நீளாது. இங்கேயே பிடிபட்டால் எப்போது திரும்புவான், எப்படித் திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது.

தங்கையன் தன் வாடகைக் காரைக் கொண்டுவரச் சம்மதித்தான். எங்கே ஏறுவது? பாறசாலைச் சந்திப்பில் போலீஸ் முகாம் போட்டிருந்தது. களியக்காவிளைச் சந்தையில் ஏறினால் ஊரே பார்க்கும். நான் குன்னத்துகால் சாலையிலிருந்த சுமைதாங்கியைச் சொன்னேன். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போன ஒருத்தியின் பெயரில், அவள் பாரம் இறங்கட்டும் என்று நட்ட கல். இரண்டு நின்றபடி, ஒன்று குறுக்கே. தலைச்சுமைக்காரர்கள் அதன்மேல் சுமையை இறக்கி மூச்சு வாங்குவார்கள். டிரைவர்கள் மட்டும் அங்கே பின்கதவைத் திறக்க மாட்டார்கள், திறந்தால் அவளும் ஏறிக்கொள்வாளாம். கார் நிற்காத இடத்தைப் போலீஸ் எதற்குக் காவல் காக்கப் போகிறது?

"வேற எடமே கெடைக்கல்லியா அண்ணாச்சி?" என்றான் தங்கையன்.

"போலீஸ விடவா அவ பெரிசு?"

"போலீஸுக்கு லைசென்ஸக் காட்டலாம். அவளுக்கு எதக் காட்ட?"

ஆனாலும் வந்தான். உச்சி வெயிலில் நிழல்கள் எல்லாம் காலுக்கடியில் பதுங்கிக் கிடந்தன. அண்ணன் விளையிலிருந்து குனிந்து ஓடிவந்து, பின்சீட்டுக்கு முன்னால் காரின் தரையில் குப்புறப் படுத்தான். அவன்மேல் வாழையிலைக் கட்டுகளை அடுக்கினேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"அடையுங்க, வேகம் அடையுங்க!" தங்கையன் தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு வீம்பு. கல்லைப் பார்த்து, "வாறதுன்னா வா, எடம் உண்டு" என்றேன். அவசரப்படாமல் கடைசிக் கட்டையும் வைத்து, கதவை அடைத்து, முன்னால் போய் உட்கார்ந்தேன். பின்சீட்டு காலி. இதை மட்டும் நினைவில் வையுங்கள், காலி.

குழித்துறைப் பாலத்தில் மறித்தார்கள். வயதான ஏட்டு ஒருவர் பின்கதவைத் திறந்தார். இலையை விலக்கினால் அண்ணன். அவர் இலையைத் தொடவில்லை. சீட்டை ஒரு கணம் பார்த்தார், பார்வையைத் தாழ்த்தினார், பின்னால் நகர்ந்து கதவைச் சத்தம் வராமல் அடைத்தார். பிறகு தங்கையன்மேல் எரிந்து விழுந்தார்.

"மாசம் திகஞ்ஞ பெண்ணல்லே உள்ளில்? பதுக்கெ ஓடிக்கெடா! குழியில் சாடிக்கருது!"

மாதம் நிறைந்த பெண் உள்ளே இருக்கிறாளாம், குழியில் தூக்கிப் போடாமல் ஓட்ட வேண்டுமாம்.

திரும்பிப் பார்த்தேன். வெறும் சீட்டு. பச்சை மஞ்சள் மணம். தங்கையன் திரும்பவில்லை, தலைக்கு மேலிருந்த கண்ணாடியையும் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டான். அப்புறம் நாகர்கோவில் தாண்டும்வரை ஒரு குழியிலும் அவன் சக்கரம் விழவில்லை. அந்தக் காலத்துச் சாலையில், நம்பினால் நம்புங்கள்.

ஆரல்வாய்மொழிச் சாவடிக்கு முன்னால், மலையிடுக்கில் காற்று கூச்சலிடும் இடத்தில் இறங்கினோம். இலையை உதறி எழுந்த அண்ணன் என்மேல் பாய்ந்தான்.

"எலே, முதுவுல காலத் தூக்கி வச்சுக்கிட்டா வாறது? எலைக்கட்டு மேல வச்சும் ரெண்டு காலும் ஐஸு கணக்கா குளுருதுலே!"

"நான் முன்னாலயாக்கும் இருந்தேன்."

"அப்ப பின்னால யாருலே?"

நான் திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தேன்.

பின்னாளில் எல்லைக்கோடு விழுந்தது, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்தப் பக்கமே நின்றன. அந்தக் கோட்டை நான் இன்றுவரை ஒப்பவில்லை. ஏட்டு பார்த்ததைக் கனவு என்று சொல்பவர்களையும் ஒப்பமாட்டேன். சந்தேகமிருந்தால் ஓர் உச்சி வேளையில் அந்தக் கல்லருகே போய்ப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். என்னை அரிப்பது வேறு. வா என்று கூப்பிட்டவன் நான். எங்கே இறங்க வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை.

அன்றைக்கு, அண்ணன் மலையடிவாரத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டான். நானும் அவனோடு போக வேண்டும்; தங்கையன் தனியாகத் திரும்ப வேண்டும், அதே கல்லைத் தாண்டி. விடைபெற்றுக்கொண்டு பின்கதவை அடைக்கக் கை வைத்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமல் அவன் சொன்னான்:

"அடைக்காதீங்க அண்ணாச்சி. அவ இன்னும் எறங்கல்ல."