அண்ணாச்சி கடைசியாகப் பேசிய தமிழ்

இசக்கிமுத்து அண்ணாச்சி போய்விட்டார்.

தாராவி பேக் ஒர்க்‌ஷாப்பில் ரொம்ப வருடம் என் பக்கத்து மிஷினில் தைத்தவர். காலையில்தான் போன் வந்தது. ஸ்ட்ரோக்... ஆஸ்பத்திரியில் சேர்த்ததே எனக்குத் தெரியாது. செம்பூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன்.

எங்களில் யாருக்கு ரேஷன் ஆபீஸ், போலீஸ் சௌக்கி என்றாலும் அண்ணாச்சியைத்தான் கூட்டிப் போவோம். அப்படி ஒரு இந்தி.

நான் கல்யாணமாகி வந்த புதிது. தெரியாமல் லோக்கல் ரயிலில் ஃபர்ஸ்ட் கிளாஸில் ஏறி, மாஹிமில் டிக்கெட் பார்க்கிற டிசியிடம் மாட்டிக்கொண்டேன். பாஷை தெரியாமல் அழுகை.

"நீ சும்மா நில்லு தாயி, நான் பேசிக்கிடுதேன்" என்றார் கூட வந்த அண்ணாச்சி. பேசி முடித்தபோது டிசி சிரித்துக்கொண்டிருந்தார்.

தூக்கத்தில்கூட இவருக்கு இந்திதான் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அக்காவும் இப்போது இல்லை.

ஸ்ட்ரோக்கில் அந்த இந்தி மொத்தமும் போய்விட்டதாம். தமிழ் மட்டும் மிச்சம்.

மகன் துபாயில். பக்கத்தில் இருந்தது மருமகள் சுனிதா மட்டும். உ.பி. பெண். மாமனாரை அப்பா மாதிரி பார்த்துக்கொண்டவள். வா, போ தவிர தமிழ் தெரியாது.

எடுப்பதற்கு முன் என்னை ஓரமாக அழைத்தாள். கடைசிவரை பாபுஜி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். தண்ணீர் கொடுத்தாளாம். போர்வை போர்த்தினாளாம். ஃபேனை நிறுத்தினாளாம்... அப்போதும் விடவில்லையாம்.

மறக்கக் கூடாது என்று அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"பயமா இருக்கு."

என்ன அர்த்தம் ஆன்ட்டி என்றாள்.

தூக்கம் வருகிறது என்றிருக்கிறார், என்றேன்.

அப்படியா, அப்புறம் தூங்கிவிட்டார்... என்று இந்தியில் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அவள் புருஷனும் பேசுவான், படிக்க மாட்டான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். ஹாலில் என் மகனும் மருமகளும் மராத்தியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பெண். நான் அவளோடு இந்தியில்தான் பேசுவேன், தடையில்லாமல் வருகிறது. அண்ணாச்சிக்கும் போன வாரம் வரை வந்தது.

சாப்பிடும்போது அண்ணாச்சி சொன்ன அந்த வார்த்தையை மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

போய் வாருங்கள் அண்ணாச்சி... போகிற இடத்தில் யாராவது நம்ம பாஷை பேசட்டும்.