ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் விழுந்த புள்ளிகள்

மொட்டை மாடியில் நான் கட்டியிருந்த ரேடியோ ஏரியல் கம்பியை ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்கிவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடாமலே. எதிர் பிளாக்கில் இருந்த செயலாளர்தான் வந்து சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சாயங்காலமானா டிவியில ஒரே புள்ளி. யார் அழுறா, யார் சிரிக்கிறான்னே தெரியலை."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, ஆராய்ச்சி நிலைய ஊழியர்களுக்கான குடியிருப்பு. எனக்கு அங்கே கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே சிற்றலை ரேடியோ கேட்கிற பைத்தியம் எனக்கு உண்டு. கேட்டது போதாது, பதிலும் சொல்ல வேண்டும் என்று மோர்ஸ் தந்திக் குறி படித்து, பரீட்சை எழுதி, ரேடியோவில் அனுப்பவும் உரிமம் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். ஆனால் ரேடியோ அலைக்குக் கடலோரத்தைப் போல ராஜபாட்டை கிடையாது. அந்தக் கம்பி இறங்கினால் நான் மறுபடி ஊமை. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"ஒரு வாரமா நான் செட்டையே தொடலை. புள்ளி நின்னுதா?" என்றேன்.

"நீங்க தொடலைன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் கணவருக்குச் சண்டை ஆகாது. "ஊரோட ஒத்துப் போயேன். பழையபடி கேட்டுட்டு மட்டும் இரு," என்றார். அவருக்கு அன்று சட்னி இல்லாத இட்லிதான்.

ஞாயிறு மாலை படம் ஆரம்பித்தது, புள்ளியும் ஆரம்பித்தது. கம்பியை இறக்க ஆட்கள் வந்து நின்றார்கள். என் செட்டின் பவர் வயரைக் கழற்றி, செயலாளர் கையிலேயே கொடுத்தேன். "இது உங்ககிட்ட இருக்கட்டும். இப்ப என்கூட வாங்க."

கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் எடுத்துக்கொண்டேன். அதை ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்தால், டிவியைக் கெடுக்கிற அதே கோளாறு 'கர்ர்ர்' என்று கேட்கும். டிரான்சிஸ்டரை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் அந்தச் சத்தம் அடங்கும். அடங்கும்போது உள்ளே இருக்கிற காந்தக் குச்சி, கோளாறு இருக்கும் திசைக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். ரேடியோக்காரர்கள் திருட்டு ஒலிபரப்பைப் பிடிக்கிற வழி இதுதான்.

நடு வாசலில் நின்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் ஒரு கூட்டம். மீன் கூடையோடு வந்த அம்மா நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாமா, ரேடியோவ கையில வச்சிக்கினு பேய் ஓட்றியா?"

"ஆமா. புடிச்சிட்டு உன்கிட்டதான் குடுக்கப் போறேன்," என்றேன்.

குச்சி எதிர் பிளாக்கைக் காட்டியது. வேறு மூலையில் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் எதிர் பிளாக்தான். படியேற ஏற இரைச்சல் கூடியது. செயலாளர் வீட்டு வாசலில் டிரான்சிஸ்டர் அலறியது. சமையலறையில், ஃபிரிட்ஜுக்கு மேல் ஒரு பழைய ஸ்டெபிலைசர் 'டிக் டிக்' என்று துடித்துக்கொண்டிருந்தது. மாலையில் வோல்டேஜ் இறங்கும். உப்புக்காற்றில் அரித்துப்போன அதன் உள்பாகம் அப்போது பொறி விடும். ஆபீஸ் விட்டு வந்து நான் செட்டில் உட்காருவதும் அதே நேரம்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

செயலாளரின் மனைவி ஸ்டெபிலைசரை அணைத்தார். டிரான்சிஸ்டர் சட்டென்று அமைதியானது. கூடத்து டிவியில் கதாநாயகி புள்ளியில்லாத முகத்தோடு அழுதாள்.

"திருடன் வூட்டுக்குள்ளயே கீறான். ஊரெல்லாம் தேடிக்கினு இருந்தீங்களே," என்றாள், கூட்டத்தோடு படியேறி வந்திருந்த மீன்கார அம்மா.

செயலாளர் வயரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், ஆனால் அத்தோடு விடுவதாக இல்லை. "நான் போய் செட்டை ஆன் பண்றேன். நீங்க எல்லாரும் டிவியைப் பாருங்க. புள்ளி வந்தா நானே கம்பியை அறுத்துடறேன்."

வீட்டுக்குப் போய் வயரை மாட்டி, மோர்ஸ் சாவியின் முன் உட்கார்ந்தேன். தட்டினேன். காத்திருந்தேன். மறுபடி தட்டினேன். காதில் மெல்லிய விசில்போல, உரிமத்தோடு எனக்கென்று கொடுத்த அழைப்புக் குறி திரும்பி வந்தது. இத்தாலியில் யாரோ ஒருவர், என்னைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறார். நாற்காலியில் இருந்தபடியே கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

எதிர் பிளாக் ஜன்னலிலிருந்து செயலாளரின் குரல் வந்தது. "மேடம், படம் சுத்தமா இருக்கு. நீங்க பேசுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளைப் பிடித்திருக்கிறேன். ஆனாலும் மறுநாள் காலையை மறக்க மாட்டேன். கம்பியின் மறுமுனையைக் கட்ட உங்கள் பிளாக் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று செயலாளரிடம் கூசாமல் கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"இன்னும் கொஞ்சம் மேலே," என்றேன். இன்னும் கொஞ்சம் மேலே கட்டினார்.