பேதி என்றே எழுதியிருக்கலாம்

குடிநோய்க்கு மருத்துவம் பார்க்க டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்திருந்தவர்கள்: கோயமுத்தூரிலிருந்து ஒரு மனநல மருத்துவர், திருப்பூர் டாக்டர்கள் பதினோரு பேர், அவர்களில் வயதில் சிறியவனான நான், மாதிரி நோயாளியாக என் சித்தப்பா. வராதவர், சித்தப்பா வேலை செய்த பனியன் கம்பெனி முதலாளி. அவரைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். டாக்டராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரையே திருத்திவிடும் வேகம். சித்தப்பா பனியனுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு குடி, திங்கள் லீவு. இன்னொரு திங்கட்கிழமை வராவிட்டால் கணக்கு முடித்து வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"குடிக்கிறவர் வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?" என்றார் மனநல மருத்துவர். டாக்டர்கள் ஃபேனைப் பார்த்தார்கள். சித்தப்பாதான் பதில் சொன்னார்.

"ஏனுங்க, இவிய எல்லார்த்துகிட்டயும் நான் போயிருக்கறனுங்க. இந்தக் கண்ணாடிக்காரரு பேதின்னு லீவு சர்டிபிகேட் எழுதிக் குடுப்பாருங்க, பத்து ரூவா. அந்தப் பெரியவரு டைபாய்டுங்க, இருவது. டைபாய்டுன்னா வாரம் பூரா லீவுங்க."

"குடிப்பீங்களான்னு ஒருத்தரும் கேட்கலையா?"

"சேச்சே, மரியாதப்பட்டவியங்க. அதையெல்லாம் கேப்பாங்களா?"

கண்ணாடிக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் மட்டும் சிரித்தார்: "கேட்டா அடுத்த வாரம் வேற டாக்டர்கிட்டப் போயிருவீங்க!"

"நெசந்தானுங்க."

நேராகக் கேளுங்கள், உள்ளதை எழுதுங்கள் என்று வகுப்பு முடிந்தது. வீட்டுப்பாடத்தை முதலில் செய்தவன் நான். சித்தப்பாவை ஒரு வாரம் படுக்கவைத்து, நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் ஊசி எல்லாம் போட்டேன். எட்டாம் நாள் கை நடுங்காமல் காப்பி குடித்தார். 'குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றார், வேலைக்குத் தகுதியானவர்' என்று சர்டிபிகேட்டை முத்து முத்தாக எழுதி, நானே கூட்டிப்போனேன்.

முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"டாக்டர் தம்பி, பேதின்னா வரச் சொல்லியிருப்பனுங்க. குடிகாரன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, மத்தவனுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

அங்கேயே கணக்கு முடிந்தது.

திரும்பும்போது, "பேதியாவே இருந்திருக்கலாம் கண்ணு," என்றார் சித்தப்பா. ஆனாலும் பிராந்திக்கடையை நிற்காமல் தாண்டினார்.

பொங்கலுக்குள் அருள்புரத்தில் வேறு கம்பெனி கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. ஆனால் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் கணக்கு முடித்ததால் பழைய கம்பெனி போனஸ் தரவில்லை. என் முத்தான கையெழுத்துக்கு சித்தப்பா குடும்பம் கொடுத்தது ஆயிரத்து நானூறு ரூபாய்.